முருகேசன் மற்றும் பிறர்

பச்சைப் பாசிகளின் பேரரசனே, அல்சூர் ஏரியின் அடிமட்டம் வரை ஆராய்ந்தறிந்த மேதையே, ஐந்து கண்டங்களின் அடிக்குறிப்புகளிலும் கால்மேல் கால் போட்டு வீற்றிருந்தவனே, அதற்கெல்லாம் முன்னால் என் தங்கை சரோஜாவின் புருஷனே, மச்சான் முருகேசா,

நீ போயிருக்கும் இடத்தில் நலம் விசாரிக்கும் வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அதனால் நேராகச் செய்திக்கே வந்துவிடுகிறேன். போன மாதத்தோடு நீ விஞ்ஞானிப் பதவியிலிருந்து விலகிவிட்டாய். உன்னை ஒரு வார்த்தை கேட்காமலே விலக்கிவிட்டோம்.

"இன்னாடா உளர்றே, நான் எப்படா விஞ்ஞானி ஆனேன்?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. அதுதானே வேடிக்கை! இருந்தவரை நீ பெங்களூர் டவுன் பஸ்ஸின் டிரைவர், நான் உன் கண்டக்டர். செத்த பிறகுதான் ஆராய்ச்சியாளன் ஆனாய். ஆதாம் காலத்திலிருந்து எவனும் இந்த வரிசையில் முன்னுக்கு வந்ததில்லை.

இந்தக் கடிதத்தை நம் டிப்போ தொழிலாளர் சங்கத்து மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். பஸ்ஸில் என் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவன்தானே.

கயல்விழி தன் முதல் கட்டுரையை அனுப்பிய சாயங்காலம் நினைவிருக்கிறதா? அல்சூர் மார்க்கெட் பக்கத்து பிரவுசிங் சென்டரில், ஒரு பெஞ்சில் நாம் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஏரித் தண்ணீரில் பாசி ஏன் திடீரென்று பொங்குகிறது என்று உன் மகள் வருஷக்கணக்கில் வாளியும் பாட்டிலுமாக அலைந்து கண்டுபிடித்ததை, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கேட்டிருந்தது. எல்லாக் கட்டத்தையும் அவள் பூர்த்தி செய்துவிட்டாள். ஒரு கட்டம் மட்டும் சிவந்துபோய் முறைத்தது.

"அப்பா, லாஸ்ட் நேம் கேக்குது."

"நமக்கு ஏதும்மா அதெல்லாம்? காலியா வுடு."

"காலியா வுட்டா அனுப்ப மாட்டேங்குது. இனிஷியலும் ஒத்துக்க மாட்டேங்குது."

"அப்ப உங்கப்பன் பேரை முழுசா எழுதுடி" என்றேன் நான். "காலம் பூரா முன்னாடியே உக்காந்து வந்தவன். ஒரு நாளாவது கடைசி சீட்டுல உக்காரட்டும்."

நீ பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாய். "எம்பேரு எதுக்குடா அதுல? நான் இன்னா பண்ணேன்?" என்று சொல்லிக்கொண்டே திரையில் உன் பெயரை மூன்று தடவை படித்தாய். அதுவரை உன் பெயர் அச்சேறியது இரண்டே இடங்களில்தான். ஒன்று உன் கல்யாணப் பத்திரிகை, இன்னொன்று டிப்போ நோட்டீஸ் போர்டு. நோட்டீஸ் போர்டில் எதற்காக என்று இங்கே சொல்லமாட்டேன். சரோஜாவும் இதைப் படிப்பாள்.

அந்தக் கட்டுரை வெளிவரும் முன்பே நீ போய்விட்டாய். மத்தியானம் டியூட்டி மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அவ்வளவுதான். ரைட் சொல்வதற்குள் வண்டியை எடுக்கும் பழக்கம் உனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தாய்?

கயல் டாக்டர் பட்டம் வாங்கினாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு காலேஜில் தற்காலிக வேலை. ஆராய்ச்சிக்கு வேண்டிய கட்டுரைகளோ அவள் படித்த யுனிவர்சிட்டி லைப்ரரியின் கம்ப்யூட்டர்களில்தான் திறக்கும். வெளியிலிருந்து தட்டினால் சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, முழுசுக்குக் கதவைச் சாத்திவிடும். அவளுக்கோ வகுப்பு. எனக்கோ ரிட்டயர்மென்ட், பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பஸ் பாஸ் இருக்கிறது. அவளுடைய பேராசிரியர் கையெழுத்துப் போட்டு எனக்கு வெளி வாசகர் அட்டை வாங்கிக் கொடுத்தார். அன்றோடு தொடங்கியது மச்சான், நான் அறிவுலகின் மேல் படையெடுத்த வரலாறு.

நீ அந்த இடத்தைப் பார்த்ததில்லை. இரண்டாம் மாடி. வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்து கீச்கீச்சென்று கத்தும். அந்த ராஜ்யத்துக்கு ராணி, லைப்ரரியன் ஷோபா மேடம். மைசூர்ப் பக்கத்துக்காரர், ஆனால் சிவாஜிநகரில் வளர்ந்ததால் தமிழைப் பிய்த்து உதறுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். முதல் நாளே, "சார், ப்ளாப்பி பேடா, வேணாம், வைரஸ் வந்துடும். பிரிண்ட் எடுங்க, இல்லே மெயில்ல அனுப்புங்க. உங்களுக்கு மெயில் இருக்கா?" என்றார்.

"மேடம், எனக்கு மயிலே கிடையாது, நான் முருகனில்லை" என்றேன். சிரிக்கவில்லை. உட்கார வைத்து ஒன்று திறந்து கொடுத்தார்.

தேடுவதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ளும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இது சாட்சாத் கண்டக்டர் வேலை. 'ஏரி', 'பாசி' என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் 'ஆண்ட்' போட்டால், இரண்டையும் கையில் வைத்திருப்பவன் மட்டும் ஏறலாம். 'ஆர்' போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், முந்தே ஹோகி, முன்னால போங்க என்று அடைத்துக்கொள்ளலாம். 'நாட்' போட்டால், கடல் பாசிக்காரன் எவனாவது தொற்றியிருந்தால் காலரைப் பிடித்து இறக்கிவிடலாம். உலகத்து விஞ்ஞானிகள் அத்தனை பேரையும் இப்படி ஏற்றி இறக்கியவன் உன் மச்சான். நோபல் பரிசுக்காரர்கள் ரெண்டு பேர் ஃபுட்போர்டில் தொங்கினார்கள் என்று கேள்வி.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நட்சத்திரக் குறி. ஒரு சொல்லைப் பாதி அடித்து ஒரு நட்சத்திரம் வைத்தால், மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை, கயலுக்கு வேண்டியதை எல்லாம் அனுப்பி முடித்த பிறகு, சும்மா, ஆசிரியர் பெயர்க் கட்டத்தில் உன் பெயரைப் பாதி அடித்து நட்சத்திரம் வைத்தேன்.

வந்தாய்.

'முருகேசன், கே.' நிஜமாக நீதான். 'கே' என்பது கயல். அந்த இயந்திரத்துக்கு நம் வழக்கம் புரியவில்லை. கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர், அதுதான் ஆளின் முக்கியப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, உன்னை விஞ்ஞானியாக்கி, உன் மகளை ஒற்றை எழுத்தாக்கி உன் பின்னால் நிறுத்திவிட்டது. அவளுடைய மூன்று கட்டுரைகளும் உன் பெயரில். குளிக்கப் பச்சைத்தண்ணி என்றாலே பத்தடி ஓடுகிறவன் நீ. நீ நன்னீர் நிபுணர்!

'இவரை மேற்கோள் காட்டியவர்கள்' என்று ஒரு வரி கீழே இருந்தது. அழுத்தினேன். பிரேசில்காரர் ஒருவர் உன்னைப் பாராட்டியிருந்தார். 'முருகேசன் மற்றும் பிறர் காட்டியதுபோல' என்று ஒரு சீனாக்காரர் தொடங்கியிருந்தார். ஹங்கேரிக்காரன் ஒருவன், 'முருகேசன் மற்றும் பிறரின் முடிவோடு நாங்கள் உடன்படவில்லை' என்று எழுதியிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. உன்னோடு உடன்படாமல் இருக்கும் உரிமை இந்தப் பூமியில் எனக்கும் சரோஜாவுக்கும் மட்டும் உண்டு. ஹங்கேரி மேல் போர் தொடுப்பதாக முடிவு செய்து, டீ குடிக்கப் போய்விட்டேன்.

'மற்றும் பிறர்' என்று போட்டிருந்தது கயலின் பேராசிரியரையும் அவரோடு சேர்ந்தவர்களையும்தான். ஆனாலும் டீக்கடையில் நிற்கும்போது எனக்குத் தோன்றியது, நாங்கள்தான் அது. நீ முருகேசன். சரோஜாவும் கயலும் நானும் மற்றும் பிறர்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்ததும் உன் பெயரைப் பாதி அடித்து நட்சத்திரம் வைப்பேன். நீ வருவாய். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே. ஒரு பஸ்ஸுக்குள் உன்னோடு அத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் உன் முகத்தைவிட உன் பிடரிதான் எனக்கு அதிகம் தெரியும். நீ திரும்பிப் பார்க்க மாட்டாய். ஆனால் முன்னால் இருப்பாய். இதுவும் அப்படித்தான் இருந்தது. என் அறையில் நான் பேசினால் சுவர்கூட 'ம்' சொல்வதில்லை மச்சான். இங்கே பாதி பெயரைச் சொன்னால் மீதியை ஒன்று சொல்லுகிறது.

இப்போது கஷ்டத்துக்கு வருகிறேன். புவனேசுவரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கயலை நேர்காணலுக்குக் கூப்பிட்டு, பிடித்துப்போய், நிரந்தர வேலை என்று கிட்டத்தட்டச் சொல்லியும்விட்டார்கள். குவார்ட்டர்ஸ், சொந்த ஆய்வுக்கூடம், எல்லாம். அப்புறம் ஒரு ஃபோன். அன்று நான் லிங்கராஜபுரத்தில் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, என் கட்டுரையைத் தேடினாங்களாம். எம்பேர்ல ஒண்ணுகூட இல்லியாம். எல்லாம் முருகேசன்னு ஒருத்தர் பேர்ல இருக்காம். அவர் யாருன்னு கேக்கறாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கப்பான்னு சொன்னேன். ஓ, அப்பாவும் இதே துறையா, எந்த யுனிவர்சிட்டின்னு கேக்கறாங்க."

"டிப்போ யுனிவர்சிட்டின்னு சொன்னியா?"

"சிரிக்காத மாமா. அப்பாவோட ஆராய்ச்சிய நான் எம்பேர்ல காட்டி ஏமாத்தறேன்னு நெனைக்கிறாங்க. பஸ் டிரைவர்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணிக் காட்டலேன்னா அடுத்த ஆளைக் கூப்ட்டுடுவாங்களாம்."

அடுப்படியிலிருந்து சரோஜா வந்தாள். "அந்த மனுசன் லீவு லெட்டரையே உங்க மாமங்கிட்ட குடுத்துதான் எழுதுவாரு. அவரு ஆராய்ச்சி பண்ணாராமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள் மச்சான். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்த சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை கயலும் என்னோடு லைப்ரரிக்கு வந்தாள். ஷோபா மேடம் எல்லாவற்றையும் கேட்டார். "இது நம்ம ஊர்ல தினம் நடக்கறதும்மா. அந்த டேட்டாபேஸ் கம்பெனிக்கு எழுதணும், அஷ்டே, அவ்ளோதான். உன் சர்டிபிகேட் காப்பி, லைப்ரரியிலேர்ந்து ஒரு லெட்டர். பேரைத் திருப்பிப் போட்டுடுவாங்க. அப்பறம் உன் பேரை அடிச்சா நீ வருவே" என்றார். சொன்னவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா சார் பாவம். வாரா வாரம் வந்து அதே பேரைத்தான் தேடறார். இனி அது வராது, அல்வா, இல்லியா?"

கயல் என் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பேரை மாமா?"

"ஹங்கேரிக்காரன் ஒருத்தன் இருக்கான்" என்றேன். "அவன் மேல ஒரு கண்ணு வெச்சிருக்கேன். ராஜதந்திர விஷயம், உனக்குப் புரியாது."

"எந்தப் பேரை?"

அவள் திரையைப் பார்த்தாள். கடைசியாக நான் தேடிய சொற்கள் எல்லாம் கட்டத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. உன் பெயர், பாதி, நட்சத்திரம். உன் பெயர், பாதி, நட்சத்திரம். இயந்திரங்களுக்கு நாசூக்கு தெரியாது மச்சான்.

மெயில் தயாராகிவிட்டது. கயல் மவுஸில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இந்த வேலை போனா போவட்டும் மாமா. அப்பா பேரு இருக்கட்டுமே. நீ வந்து பாக்கறேல்ல."

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் அழுத்தினால் உன் பெயர் போகும். பெயர் போனால் வேலை கிடைக்கும். கிடைத்தால் அவளும் சரோஜாவும் பெட்டி கட்டுவார்கள். இந்த ஊரில் என்னை 'மாமா' என்று கூப்பிடவும், 'அண்ணே, சாப்ட்டியா' என்று கேட்கவும் ஆள் இருக்காது. அவள் அழுத்தாவிட்டால் எல்லாரும் இங்கேயே இருப்போம், நீயும் சேர்ந்து. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? கேட்டுப் பார்த்தேன். உன் பிடரிதான் தெரிந்தது. நீ வண்டியை உறுமவிட்டபடி என் குரலுக்காகக் காத்திருந்தாய்.

பின்னால் பார்த்துச் சொல்ல வேண்டியது கண்டக்டர்தானே?

"ரைட்... ரைட்!" என்றேன். அல்சூர் ஸ்டாப்பில் கத்துகிற அதே கத்தல். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் தலை தூக்கினார்கள். 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்த பலகையே நடுங்கியது. "போலாம்மா, ரைட்!"

அழுத்திவிட்டாள்.

அந்த மாதம் முடிவதற்குள் பெயர் மாறிவிட்டது. வேலைக் கடிதமும் வந்தது. அவர்களை ரயிலேற்றப் போனேன். "அண்ணே, நீயும் வந்துடேன்" என்றாள் சரோஜா. "நான் போய்ட்டா இந்த ஊரை யாரு பாத்துக்கறது? சர்க்கார் விடாது" என்றேன். கயல் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு கட்டுரை அனுப்பணும், தெரியுதா? அங்க எல்லாம் கெடைக்கும், ஆனா நீதான் அனுப்பணும்" என்றாள். வண்டி நகர்ந்தபோது வாயில் ரைட் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை போனேன். உன் பெயரைப் பாதி அடித்து நட்சத்திரம் வைத்தேன். யார் யாரோ முருகேசன்கள் வந்தார்கள். ஒருவன் பல் டாக்டர், ஒருவன் கான்கிரீட். ஏரியில் யாருமில்லை. 'ஆண்ட்' போட்டுப் பாசியைச் சேர்த்தேன். 'முடிவுகள் இல்லை. வேறு சொற்களை முயன்று பாருங்கள்' என்றது.

வேறு என்ன சொல்லை முயல்வேன், சொல்? டிரைவர் என்றா? மச்சான் என்றா?

கயலின் பெயரை அடித்தேன். மூன்று கட்டுரைகளும் ஒழுங்காக வந்து நின்றன, கீழே ஹங்கேரிக்காரன் உட்பட. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடமிருந்தும் நான் உட்காரவில்லை.

அதற்கடுத்த வாரம் போகவில்லை. அதற்கும் அடுத்த வாரம், கயல் ஃபோனில் திட்டினாள் என்று போனேன். ஷோபா மேடம் என்னைப் பார்த்ததும், "எங்க சார் காணாம போய்ட்டீங்க? பந்து நோடி, வந்து பாருங்க" என்று தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"கம்பெனி டேட்டாபேஸ் என் கையில இல்ல. ஆனா நம்ம லைப்ரரி கேட்லாக் என் கையிலதான் இருக்கு. கயல்விழி தீசிஸ் இதுல இருக்கு. ஒரு ஆளு வேற பேர்லயும் எழுதியிருந்தா, அந்தப் பேரைத் தேடி வர்றவங்களுக்கு நாங்க வழி போட்டு வெக்கணும். உங்களுக்காகப் பண்ணல சார், ரூல்ஸ்லயே இருக்கு. அடிச்சுப் பாருங்க."

பாதி அடித்தேன். நட்சத்திரம் வைத்தேன்.

'முருகேசன், கே. காண்க: கயல்விழி, எம்.'

ஒரே வரி. கட்டுரை இல்லை, பாசி இல்லை, பிரேசில் இல்லை. நீ மட்டும் நின்றுகொண்டு உன் மகளைக் கைகாட்டுகிறாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிப்போவில் யாராவது, "இன்னா முருகேசா, எப்டி இருக்கே?" என்று கேட்டால் நீ என்றைக்காவது உன்னைப் பற்றிப் பதில் சொன்னதுண்டா? "எம்பொண்ணு இப்ப இன்னா படிக்குது தெரியுமா?" என்றுதானே ஆரம்பிப்பாய்? இயந்திரத்துக்கு நம் வழக்கம் புரியாது என்று மேலே எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன்.

"சார், கண்ணுல என்னமோ..." என்றார் ஷோபா மேடம்.

"வைரஸ்" என்றேன். இந்த முறை சிரித்தார்.

மச்சான், ஊர் பெரிதாகிவிட்டது. நம் பழைய தடத்தில் ஓடும் பஸ்களில் எனக்குத் தெரிந்த பிடரி ஒன்றுகூட இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை ஃபோன்தான். ஆனால் ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். என் காலும் அந்த இரண்டாம் மாடியும் இருக்கும்வரை சனிக்கிழமைகளில் வருவேன். உன் பெயரைப் பாதி சொல்வேன், மீதியை அது சொல்லும். நீ காட்டுகிற பக்கம் போய், உன் மகளுக்கு வேண்டியதை எடுத்து அனுப்பிவிட்டு, வாயைத் திறக்காமல் மனசுக்குள் ஒரு ரைட் கொடுப்பேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம். பின்னால் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
முருகேசன் மற்றும் பிறரில், மற்றும் பிறர்,
கோதண்டம்
அல்சூர், பெங்களூர்